பார்செக்கும் ஆங்ஸ்ட்ராமும் சந்திக்கும் இடம்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடம் அலகுகள். அதில் ஒரு வகைக் கணக்கு தவறாமல் வரும். ஓர் ஒளியாண்டில் எத்தனை ஆங்ஸ்ட்ராம்? ஒரு பார்செக்கில் எத்தனை ஃபெர்மி? ஒளியாண்டும் பார்செக்கும் விண்மீன்களின் தொலைவுக்கான அலகுகள்; ஆங்ஸ்ட்ராம் அணுவின் அளவுக்கு, ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்) அணுக்கருவின் அளவுக்கு. அக்கா மகள் இந்த ஆண்டு அந்த வகுப்பில் இருக்கிறாள். நான் ஊருக்குப் போயிருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். கணக்குப் புரியாமல் வரவில்லை, போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தாள். அவளுக்கு வேறு சந்தேகம். "மாமா, நட்சத்திரம் இருக்கிற தூரத்தை நிஜத்தில் யாராவது ஆங்ஸ்ட்ராமில் மாற்றிப் பார்ப்பார்களா? எங்கள் சாரிடம் கேட்டேன். யாரும் பார்க்க மாட்டார்கள், அடுக்குக்குறி பழகுவதற்காக வைத்த கணக்கு, மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போ என்றார்."

அந்தப் பதில் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அப்படி உறுத்தியது. வானியலாளர் யாரும் விண்மீனின் தொலைவை ஆங்ஸ்ட்ராமில் எழுதுவதில்லை. அணுவை ஆராய்கிறவர் அதன் குறுக்களவை ஒளியாண்டில் சொல்வதில்லை. அவரவருக்கு அவரவர் அலகு. ஆனால் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே போக்குவரத்தே கிடையாது, தேர்வுத்தாளில் மட்டுமே இவை சந்திக்கின்றன என்ற எண்ணம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தில் படிந்துவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வானத்தின் தூரங்களை மனிதர்கள் அறிந்துகொண்டதே இந்தச் சந்திப்பின் வழியாகத்தான்.

கணக்கு என்று பார்த்தால் இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் போகிறது. அதை ஒரு நாளின் 86,400 வினாடிகளாலும் ஓர் ஆண்டின் 365.25 நாள்களாலும் பெருக்கினால் ஓர் ஒளியாண்டு 9.46 × 10¹⁵ மீட்டர் என்று வரும். ஆங்ஸ்ட்ராம் என்பது 10⁻¹⁰ மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 9.46 × 10²⁵. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போவதானாலும் நடுவில் மீட்டரில் இறங்கி ஏறிவிட்டால் வழி தவறாது. விழுப்புரத்தில் வண்டி மாறிப் போவதைப் போல. பிள்ளைகள் இடறுவது ஒரே இடத்தில்தான். எதிர்க்குறி அடுக்கால் வகுக்கும்போது கூட்ட வேண்டியதைக் கழித்துவிடுகிறார்கள். 10²⁵ வர வேண்டிய இடத்தில் 10⁵ வந்து நிற்கும்.

அக்கா மகளின் நோட்டிலும் முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது. 9.46 × 10⁵ என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு கிழித்து, கீழே சரியான விடையை எழுதியிருந்தாள். தவறு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்ததாகச் சொன்னாள். அந்தத் தவறான விடையையே மறுபடி மில்லிமீட்டருக்கு மாற்றச் சொன்னேன். 0.0946 மில்லிமீட்டர் வந்தது. அவளுடைய நோட்டின் ஒரு தாளே கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். ஒளி ஓர் ஆண்டு முழுக்கப் பாய்ந்து கடக்கும் தூரம் ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது! சிரித்துவிட்டாள். பின்பக்கத்து விடை தேவைப்படாத ஒரு சோதனை தன் கையிலேயே இருக்கிறது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

இதையொட்டி ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரண்டத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் "சூரியனை ஒரு கால்பந்தாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவது வழக்கம். பந்து, மிளகு, கடுகு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கேட்பவர்கள் வாய் பிளப்பார்கள். எனக்கு அந்த முறையில் மனம் ஒட்டுவதில்லை. பந்துக்கும் கடுகுக்கும் இடையே எதையும் கணக்கிட முடியாது. அடுத்த கேள்வியைக் கேட்க அது உதவாது. 9.46 × 10¹⁵ என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த கேள்வியைத் தானே கேட்கும் வலு வந்துவிடுகிறது. வியந்து நின்றுவிடாமல், வகுத்தும் பெருக்கியும் பார்க்கிற துணிச்சல் அது. நம் பத்திரிகைகள் அரசின் வரவு செலவை லட்சம் கோடிகளில் எழுதுகின்றன, நாமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அந்த எண்ணைக் கண்டு நாம் மிரள வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி

நோட்டில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்த மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. மீட்டரே பூமியிலிருந்து பிறந்த அளவு. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்று பிரெஞ்சுக்காரர்கள் அதை வகுத்தார்கள். அதற்காக டெலாம்பர், மெஷான் என்ற இருவர் 1792 இல் தொடங்கி டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை, புரட்சியின் கொந்தளிப்புக்கு நடுவே, முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்தார்கள்.

பூமியிலிருந்து சூரியனுக்கு உள்ள தூரம் அடுத்த படி. வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடக்கும் நாளில் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து அதைக் கணித்தார்கள். 1874 இல் அப்படி ஒரு கடப்பு நிகழவிருந்தபோது மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார். பஞ்சாங்கத்தோடு வானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அளவையின் பொருளைச் சொல்லிவிட வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. 1961 இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அந்தத் தூரத்தைத் துல்லியமாக்கினார்கள். 2012 இல் வானியல் அலகு என்பது 1,49,59,78,70,700 மீட்டர் என்று வரையறுத்தே விட்டார்கள்.

பார்செக் இந்த வானியல் அலகின் தோளில் ஏறி நிற்கிறது. ஒரு வானியல் அலகு நீளம், ஒரு பாகையில் 3,600 இல் ஒரு பங்குக் கோணமாகத் தெரிய வேண்டுமானால் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டுமோ அதுவே ஒரு பார்செக், 3.26 ஒளியாண்டு. 1838 இல் பெஸ்ஸல் என்ற ஜெர்மானியர் அன்னம் என்ற விண்மீன் தொகுதியில் உள்ள ஒரு மங்கலான விண்மீன், பூமி சூரியனைச் சுற்றிவருவதால், மிக நுண்ணிய கோணத்தில் அசைந்தாடுவதைக் கண்டு அதன் தொலைவைச் சொன்னார். அதற்கும் அப்பால் கோணம் கைகொடுக்காத இடத்தில், ஹார்வர்டில் பணியாற்றிய ஹென்ரியெட்டா லெவிட் உதவிக்கு வந்தார். செஃபீடு என்ற வகை விண்மீன்கள் சீராகப் பிரகாசித்து மங்கும். எவ்வளவு நிதானமாக மங்குகிறதோ அவ்வளவு ஒளி கொண்ட விண்மீன் அது என்று 1912 இல் அவர் நிறுவினார். உண்மையான ஒளி தெரிந்துவிட்டால், நமக்குத் தெரியும் மங்கலை வைத்துத் தொலைவைச் சொல்லிவிடலாம்.

சிறிய பக்கத்துக்கு வருவோம். 1868 இல் சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம் சூரிய ஒளியின் நிறமாலையை வரைபடமாக வெளியிட்டார். மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அந்த அலகுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1890களில் மைக்கல்சன் பாரிஸ் அருகே உள்ள எடை, அளவை நிறுவனத்தில் காட்மியத்தின் சிவப்பு ஒளி அலைகளைக் கொண்டு மீட்டர் கோலையே அளந்தார். ஒரு மீட்டரில் பதினைந்தரை லட்சத்துக்கும் சற்று அதிகமான அலைகள். 1960 இல் மீட்டருக்கு வரையறையே கிரிப்டான் ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் என்று ஆயிற்று. 1983 முதல், ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458 இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். பூமியின் உடலிலிருந்து எடுத்த அளவு ஒளியலையின் எண்ணிக்கையாக மாறி, பின்பு ஒளியின் பயணமாக மாறியிருக்கிறது. ஒளியாண்டும் ஆங்ஸ்ட்ராமும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை என்று இனி எப்படிச் சொல்வது?

நிறமாலையில் ஒரு கோடு

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலை மேலே 1899 முதல் ஒரு சூரிய வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து நிறப்பட்டையாகக் காட்டுகிறார்கள். முதலில் கண்ணுக்குப் படுவது வண்ணம். அருகே போய்ப் பொறுமையாகப் பார்த்தால், வண்ணத்துக்குக் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். சில அழுத்தமாக இருக்கும். சில, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்திருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தனிமம் பொறுப்பு. இரும்பு, சோடியம், ஹைட்ரஜன், கால்சியம் என்று ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை விழுங்கியிருக்கிறது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 6,563 ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். ஆய்வகத்துக் குழாயில் அடைத்த ஹைட்ரஜனும் அதே எண்ணைத்தான் சொல்லும்.

1909 இல் ஜான் எவர்ஷெட் இதே வானாய்வகத்தில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் ஒரு திசையிலும், மறுபக்கத்தில் எதிர்த்திசையிலும் இம்மியளவு விலகியிருப்பதைக் கண்டார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கமும், விலகிப் போனால் சிவப்புப் பக்கமும் நகரும். புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயு பாய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இன்றும் உலகம் முழுக்க அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. வாயுவின் வேகம் வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால், 6,300 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஒரு கோடு நகரும் அளவு 0.04 ஆங்ஸ்ட்ராம்தான். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றை, பழனி மலைத் தொடரில் ஒரு கண்ணாடித் தகட்டின் மீது விழுந்த கோட்டை வைத்து ஒரு மனிதர் அளந்திருக்கிறார்.

இதற்கான விதி எளிமையானது. கோடு நகர்ந்த அளவை அதன் அலைநீளத்தால் வகுத்தால் வருகிற பின்னமும், பொருளின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் வருகிற பின்னமும் ஒன்று. வேகம் மிகப் பெரிதாகாதவரை இது செல்லும். ஒரு பக்கம் ஆங்ஸ்ட்ராமை ஆங்ஸ்ட்ராம் அடித்துவிடுகிறது. மறுபக்கம் கிலோமீட்டரைக் கிலோமீட்டர் அடித்துவிடுகிறது. அளவு எதுவாக இருந்தாலும் விகிதம் பேசிவிடும்.

இதே விதியைத்தான் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் விண்மீன் திரள்களுக்குப் பயன்படுத்தினார். பெரும்பாலானவற்றின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அவை நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. 1929 இல் எட்வின் ஹபிள் அந்த வேகங்களை லெவிட்டின் செஃபீடுகள் காட்டிய தொலைவுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம். இன்றைய கணிப்பில் ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும், அதாவது பத்து லட்சம் பார்செக்குக்கும், வினாடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர்.

ஹைட்ரஜன் கோடு 6,563 இலிருந்து 6,585 க்கு நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 ஆங்ஸ்ட்ராம். வேகம் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர். எழுபதால் வகுத்தால் 14.3 மெகாபார்செக். ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டு. அந்தக் கோட்டில் ஓர் ஆங்ஸ்ட்ராம் நகர்வுக்குச் சுமார் 21 லட்சம் ஒளியாண்டு என்று ஒரு விகிதமே போட்டுவிடலாம். மிக அருகில் உள்ள திரள்களுக்கு இது பொருந்தாது. ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கியே வருகிறது, பக்கத்து ஈர்ப்பு அங்கே விரிவை வென்றுவிடுகிறது. தள்ளி இருப்பவற்றுக்கு இந்த விகிதம் நன்றாகவே உழைக்கும். ஒளியாண்டுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்று யாரும் பார்ப்பதில்லை என்றாரே அந்த ஆசிரியர், ஆங்ஸ்ட்ராமுக்கு எத்தனை ஒளியாண்டு என்பதுதான் வானியலாளர்களின் அன்றாட வேலை.

தூரத்தைத் தூரத்தால் வகுத்தபோது

ஊரிலிருந்து திரும்பிய பிறகு இதையெல்லாம் தொலைபேசியில் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே அந்த 70 என்ற எண்ணின் அலகை ஒரு தாளில் எழுதினேன். வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர், ஒரு மெகாபார்செக்குக்கு. எத்தனையோ முறை படித்துக் கடந்த அலகு. அன்றைக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. கிலோமீட்டரும் நீளம், மெகாபார்செக்கும் நீளம். ஒரே எண்ணுக்குள் ஒரு சிறிய நீள அலகும் ஒரு மிகப் பெரிய நீள அலகும் மேலும் கீழுமாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றினால் அடிபட்டுப் போய்விட வேண்டும். உன் பாடத்துக் கணக்குத்தான், நோட்டை எடு என்றேன்.

ஒரு பார்செக் 3.086 × 10¹⁶ மீட்டர். அப்படியானால் ஒரு மெகாபார்செக் 3.086 × 10²² மீட்டர், கிலோமீட்டரில் 3.086 × 10¹⁹. அவள் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அதை எழுபதால் வகு என்றேன். 4.41 × 10¹⁷ என்றாள். அலகு என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கிலோமீட்டரைக் கிலோமீட்டர் அடித்துவிட்டது, மிச்சம் வினாடி மட்டும் இருக்கிறது என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "மாமா, இது தூரக் கணக்குத்தானே? விடை ஏன் நேரத்தில் வருகிறது?"

அதை ஆண்டாக மாற்றச் சொன்னேன். ஓர் ஆண்டுக்கு 3.156 × 10⁷ வினாடி. விடை 1.4 × 10¹⁰ ஆண்டு. 1,400 கோடி ஆண்டு. இன்றைய வேகத்திலேயே எல்லாம் விலகிக்கொண்டு வந்திருந்தால், இத்தனை காலத்துக்கு முன்பு எல்லாம் ஓரிடத்தில் நெருங்கியிருந்திருக்கும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று இன்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். விரிவு தொடக்கத்தில் மெதுவாகிக்கொண்டு வந்து பிற்பாடு வேகம் பிடித்ததால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தவில்லை. ஆனால் எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது பாருங்கள். பாடநூலின் முதல் அத்தியாயத்து அலகு மாற்றம், வேறு எந்த உபகரணமும் இல்லாமல், பேரண்டத்தின் வயதை ஒரு பள்ளி நோட்டில் இறக்கி வைத்துவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள், "இதைச் சார் சொல்லவே இல்லையே" என்று இரண்டு முறை சொன்னாள்.

1929 இல் ஹபிளுக்குக் கிடைத்த எண் 70 இல்லை, ஏறக்குறைய 500. அதே வகுத்தலைச் செய்தால் சுமார் 200 கோடி ஆண்டுதான் வரும். பாறைகளின் கதிரியக்கத்தைக் கொண்டு பூமியின் வயதே அதைவிட அதிகம் என்று புவியியலாளர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இன்றைய கணிப்பில் பூமிக்கு 454 கோடி வயது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்! இந்த முரண்பாடு வானியலாளர்களைப் பல ஆண்டு வாட்டியது. தவறு எங்கே இருந்தது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மெகாபார்செக்குக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற மாற்றத்தில் பிழை கிடையாது. நிறமாலைக் கோட்டின் ஆங்ஸ்ட்ராம் அளவுகளும் சரியாகவே இருந்தன. அந்தத் திரள்கள் எத்தனை மெகாபார்செக் தொலைவில் இருக்கின்றன என்ற அளவைதான் பிசகியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இருட்டடிப்பில் கிடந்தது. அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்டு வால்டர் பாடே மவுன்ட் வில்சன் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவின் விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் இருப்பது அவருக்குப் புலப்பட்டது. செஃபீடுகளும் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகப் பாவித்துவிட்டார்கள் என்று 1952 இல் அறிவித்தார். தொலைவுகள் ஒரே வீச்சில் இரட்டிப்பாயின. பேரண்டத்தின் வயதும் அதோடு இரட்டித்தது. பிறகு வந்தவர்கள் மேலும் திருத்தி இன்றைய எண்ணுக்குக் கொண்டுவந்தார்கள்.

பார்செக்கையும் ஃபெர்மியையும் முடிச்சுப் போடும் அந்த இரண்டாவது கணக்குக்கும் நிஜத்தில் இடம் உண்டு. வெளியையே இம்மியளவு நீட்டிச் சுருக்கிக்கொண்டு வரும் ஈர்ப்பலைகளை உணர்வதற்காக அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவியின் கைகள் ஒவ்வொன்றும் நான்கு கிலோமீட்டர் நீளம். ஈர்ப்பலை கடக்கும்போது அந்த நீளம் மாறுகிற அளவு ஒரு ஃபெர்மியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில வேளை அதைவிடவும் குறைவு. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றான அதிர்வு அப்படி வந்து சேர்ந்தது. மோதல் நடந்த விண்மீன் திரள் சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அலை புறப்பட்டபோது எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்பதை அதன் அதிர்வெண் ஏறிய விதமே சொல்லிவிடுகிறது. வந்து சேர்ந்த வலுவை அதோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். செஃபீடு தேவையில்லை, இடைப்பட்ட படி எதுவும் தேவையில்லை. அந்தத் தொலைவை அந்தத் திரளின் செம்பெயர்ச்சியோடு, அதாவது அதன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவோடு, சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த எண்ணும் 70 ஐ ஒட்டியே இருந்தது. ஒரே ஒரு நிகழ்வு என்பதால் அதில் பிழை வரம்பு அதிகம்; இன்னும் பல மோதல்கள் கேட்க வேண்டும். மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இதே போன்ற கருவியை அமைக்க 2023 இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது.

அந்த மோதல்கள் கேட்கப்பட வேண்டிய அவசியமும் இருக்கிறது. பேரண்டத்தின் பழைய ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் அந்த எண்ணை 67 என்கின்றன. செஃபீடுகளையும் வெடிக்கும் விண்மீன்களையும் படிப்படியாகப் பற்றி ஏறியவர்கள் 73 என்கிறார்கள். இரு தரப்புக்கும் கிலோமீட்டர் ஒன்று, பார்செக் ஒன்று, ஒளியின் வேகம் ஒன்று. ஆனாலும் விடை கூடவில்லை.

பதினோராம் வகுப்பின் முதல் பாடத்தில் இந்தக் கணக்கைச் சேர்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒளியாண்டுக்கு எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்ற கேள்வி இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு அடுத்து இதைக் கொடுக்கலாம். மெகாபார்செக்கைக் கிலோமீட்டருக்கு மாற்று. அதை ஒரு முறை 67 ஆலும் ஒரு முறை 73 ஆலும் வகு. விடைகளை ஆண்டுகளில் சொல். அக்கா மகள் இரண்டையும் போட்டுவிட்டாள். முதல் விடை 1,459 கோடி ஆண்டு, இரண்டாவது 1,340 கோடி ஆண்டு. இடையில் உள்ள 119 கோடி ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறாள். உலகத்தின் வானியலாளர்களும் இன்றைக்கு அதே கேள்வியில்தான் நிற்கிறார்கள்.